பழைய மடிக்கணினியில் உள்ளதைப் புதிய கணினிக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத மடிக்கணினிகள் திருகோணமலையில் ஏராளம். உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எங்கிருந்து வந்தாலும், புதிய கணினி வாங்கியவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான விடைகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணினியைக் காசு கொடுத்து மீண்டும் வாங்கலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தையோ, பத்து வருடம் சேர்த்த வினாத்தாள்களையோ எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு விடையும் இதை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு தாளும் பேனையுமாகப் பழைய மடிக்கணினியின் முன் உட்காருங்கள். எதையும் பிரதி எடுக்க வேண்டாம். எங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். விண்டோஸில் சீ டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் வழக்கமாக அதற்குள்தான். பலர் டொக்கியுமென்ட்ஸை எடுத்துக்கொண்டு டெஸ்க்டொப்பை மறந்துவிடுகிறார்கள். டவுன்லோட்ஸைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன், விசாவுக்காக எடுத்த வங்கிக் கூற்று, பிரதேச செயலகத்துக்கு நிரப்பிய படிவம் போன்றவை பெயர்கூட மாற்றப்படாமல் அங்கேதான் கிடக்கும்.

டீ டிரைவ் என்று இன்னொரு பிரிவு இருக்கிறதா, பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவர் கணக்கில் நுழைந்து பார்க்கும்போது மற்றவருடைய கோப்புகள் கண்ணில் படாது.

எந்த வழியில் மாற்றுவது நல்லது?

வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி அதன் வழியாக மாற்றுங்கள் என்பதே என் விடை. இரண்டு கணினிகளையும் ஈதர்நெட் கேபிளால் நேரடியாக இணைத்தும் மாற்றலாம், வேகமான வழிதான். ஆனால், இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை. இருந்தாலும் பகிர்வு அனுமதிகளைச் சரிசெய்வதிலேயே பலருக்கு ஒரு மாலை போய்விடும். வன்தட்டு வழியாகப் போனால், வேலை முடிந்த பிறகும் உங்கள் கையில் இன்னொரு முழுப் பிரதி மிஞ்சும். அந்த மிச்சத்துக்காகவே இதைச் சொல்கிறேன்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய மடிக்கணினியில் யு.எஸ்.பி. 2.0 துளை மட்டும் இருந்தால், நடைமுறையில் ஒரு விநாடிக்கு 30 மெகாபைட் அளவில்தான் ஓடும். 100 ஜிகாபைட்டுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி. 3.0 துளை இருந்தால், சாதாரண வன்தட்டிலும் அதே அளவு இருபது நிமிடத்துக்குள் முடியக்கூடும். அந்தத் துளையின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இரண்டிலுமே இன்னும் தாமதமாகும். அதைப் பார்த்துப் பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

முக்கியமான ஒன்று. 'கட்' வேண்டாம், 'கொப்பி' மட்டும். வெட்டி ஒட்டும்போது பாதியில் மின்சாரம் போனால் எது எங்கே நின்றது என்று தேடித் திரிய வேண்டும். பிரதி எடுக்கும்போது போனால் பழையது அப்படியே இருக்கும்; மீண்டும் தொடங்கலாம். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே இடியும் மின்தடையும் வழமை. பழைய மடிக்கணினியின் பற்றரி செத்திருந்தால், மின்சாரம் போன கணத்திலேயே அது அணைந்துவிடும். வானம் தெளிவாக இருக்கும் ஒரு பகல் பொழுதில் செய்யுங்கள், அல்லது மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியை ஓடவைக்கும் யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்குங்கள்.

கூகிள் டிரைவில் ஏற்றிவிட்டுப் புதியதில் இறக்கினால் என்ன?

சில ஜிகாபைட் என்றால் தாராளமாகச் செய்யலாம். கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட், மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பகமான வன்டிரைவ் (OneDrive) தருவது 5 ஜிகாபைட். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினாலும் 100 ஜிகாபைட்டுக்கு 22 மணி நேரம் பிடிக்கும். பிறகு அத்தனையையும் இறக்கவும் வேண்டும். மாதாந்த டேட்டாவை அதில் கரைப்பதைவிட அந்தக் காசை வன்தட்டுக்குக் கொடுக்கலாம்.

பென்டிரைவில் நிறைய இடம் இருக்கிறது. ஆனாலும் கலியாண வீடியோவை ஏற்க மறுக்கிறது. ஏன்?

அந்தப் பென்டிரைவ் 'ஃபட் 32' என்ற பழைய ஒழுங்கில் அமைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. எவ்வளவு இடம் வெறுமையாக இருந்தாலும் பயனில்லை. 'எக்ஸ்ஃபட்' ஒழுங்குக்கு மாற்றி ஃபோர்மட் செய்தால் சரியாகிவிடும். ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் அதில் உள்ளதை வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். புதிய கணினி அப்பிளின் மக் என்றாலும் எக்ஸ்ஃபட்தான் வசதி. விண்டோஸின் 'என்.டி.எஃப்.எஸ்.' தட்டை மக் வாசிக்கும். கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது.

வேர்ட், போட்டோஷொப் போன்றவற்றையும் அப்படியே பிரதி எடுக்கலாமா?

முடியாது. 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவை ஓடா. புதிதாக நிறுவ வேண்டும். உரிமச் சாவிகளையும், எந்த மின்னஞ்சலில் வாங்கினீர்கள் என்பதையும் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். கணினியோடு சேர்ந்து வந்த ஒபிஸ் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. கணக்கியல் மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்கள் தரவுக் கோப்புறையைக் கையால் பிரதி எடுக்காமல், அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் 'பேக்கப்' வசதியைப் பயன்படுத்துங்கள்.

பழைய கடிதங்களைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. கோப்பு பழுதாகிவிட்டதா?

பழுதாகவில்லை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களின் முகம் வாடிப்போயிருக்கும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பகுதியில் பல வருடங்களாகப் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் கோயில் நிர்வாக சபைகளிலும் தமிழ் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். பாமினியில் தட்டச்சு செய்த கோப்புக்குள் தமிழ் எழுத்து இல்லை. 'அம்மா' என்று அடித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான் உள்ளே பதிகின்றன. அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுவது எழுத்துருவின் வேலை. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை, ஆகவே உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே தெரிகின்றன.

உடனடித் தீர்வு எளிது. பழைய கணினியின் சீ டிரைவில் 'விண்டோஸ்' கோப்புறைக்குள் 'ஃபொன்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பாமினியையும் நீங்கள் பயன்படுத்திய மற்றப் பழைய தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுத்துப் புதிய கணினியில் நிறுவுங்கள். கடிதங்கள் பழையபடி தெரியும். எந்தெந்த எழுத்துரு என்று நினைவில்லாவிட்டால் அந்தக் கோப்புறையை முழுதாகவே எடுத்து வையுங்கள். அதிக இடம் பிடிக்காது.

பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் செய்யுங்கள். முக்கியமான ஆவணங்களை அதிலேயே திறந்து பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். பி.டி.எஃப். கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும்; எந்தக் கணினியிலும் எந்தத் தொலைபேசியிலும் அப்படியே வாசிக்கலாம். காணி தொடர்பான கடிதங்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், இறந்துபோன தந்தை எழுதி வைத்தவை ஆகியவற்றுக்கு இதைத் தவறாமல் செய்யச் சொல்வேன்.

நிரந்தரத் தீர்வு, தமிழ் எழுத்துகளையே கோப்புக்குள் பதியும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுவது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் பல உள்ளன. மாற்றிய பிறகு தமிழில் தேடலாம், மின்னஞ்சலில் ஒட்டலாம், தொலைபேசியிலும் திருத்தலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், கருவி ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாற்றிவிடும். பெயர்கள், முகவரிகள், மருந்துப் பெயர்கள் எல்லாம் இப்படிச் சிதைந்துபோவதுண்டு. தமிழ்ப் பகுதிகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள், மாற்றியதை வேறு பெயரில் சேமியுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். அவசரமும் இல்லை. எழுத்துரு கைவசம் இருக்கும்வரை ஒவ்வொன்றாகத் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

படங்களை வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொண்டால் போதாதா?

தயவுசெய்து வேண்டாம். படமாக அனுப்பும்போது வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. எடுத்த திகதி, நேரம் போன்ற உள் விவரங்களும் போய்விடும். தொலைபேசித் திரையில் வித்தியாசம் தெரியாது. பெரிதாக்கி அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைக்கும் நாளில்தான் தெரியும். ஓரிரு படங்களை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டொக்கியுமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள்.

கோப்புகள் சிலவற்றின் அருகே முகில் போன்ற சின்னம் இருக்கிறது. அவற்றைப் பிரதி எடுத்தால் வருமா?

நல்ல கேள்வி. அந்தச் சின்னம் உள்ள கோப்பு உங்கள் கணினியில் உண்மையில் இல்லை. பெயர் மட்டும் இங்கே, உள்ளடக்கம் வன்டிரைவில். இணையம் இல்லாத நேரத்தில் பிரதி எடுக்க முயன்றால் பிழைச் செய்திதான் வரும். கோப்புறையில் வலது சொடுக்கி, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற பொருளில் வரும் கட்டளையைத் தெரிவுசெய்து, எல்லாம் இறங்கி முடிந்து பச்சை அடையாளம் வரும்வரை காத்திருங்கள். அதன் பின் பிரதி எடுங்கள்.

புதிய கணினியில் இதன் மறுபக்கம் இருக்கிறது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் கணக்கோடு தொடங்கினால் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் வன்டிரைவோடு இணைக்கப்பட்டிருக்கக்கூடும். நீங்கள் கொண்டுவந்ததை அங்கே கொட்டியதும் 5 ஜிகாபைட் நிரம்பி எச்சரிக்கை வரும். இடம் செய்வதற்காக இணையத்தில் உள்ள வன்டிரைவில் அழித்தால் கணினியிலும் அழிந்துவிடும். முதலில் அமைப்புகளுக்குப் போய் அந்தக் கோப்புறைகளின் இணைப்பை நிறுத்துங்கள். பிறகு கோப்புகளைக் கொண்டுவாருங்கள்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள்?

குரோமில் கூகிள் கணக்கோடு, அல்லது பயர்பொக்ஸில் அதன் கணக்கோடு ஒத்திசைவு செய்திருந்தால் புதிய கணினியில் நுழைந்ததும் வந்துவிடும். இல்லாவிட்டால் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அந்தக் கோப்பில் உங்கள் கடவுச்சொற்கள் எல்லாம் எவரும் வாசிக்கும்படி வெறும் எழுத்தாக இருக்கும். புதியதில் ஏற்றியதும் அழித்துவிடுங்கள்.

மடிக்கணினி தொடங்கவே மாட்டேன் என்கிறது. எல்லாம் போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. முதலில் திரை மட்டும் பழுதா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தால் படம் வரக்கூடும். வந்தால் அதைப் பார்த்தே வழக்கம்போல் பிரதி எடுக்கலாம்.

மின்னே ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கும் தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. உறைக்குள் போட்டுப் புதிய கணினியில் செருகலாம். பழைய மடிக்கணினிகளில் இருப்பது பொதுவாக 2.5 அங்குல 'சாட்டா' தட்டு; அதற்கான உறை விலை குறைவானது. சூயிங்கம் துண்டு போல மெலிதாக இருந்தால் அது 'எம் 2' வகை. அதிலும் இரண்டு இனம் உண்டு, ஆகவே தட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருந்தும் உறையை வாங்குங்கள். சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது.

செருகியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டால் தட்டு 'பிட்லொக்கர்' முறையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். மைக்ரோசொப்ட் கணக்கோடு பயன்படுத்தியிருந்தால் அந்தச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். எங்குமே இல்லை என்றால் எந்தத் திருத்துநராலும் திறக்க முடியாது. கணினி நன்றாக இருக்கும் இன்றே அந்தச் சாவியைப் பார்த்துத் தாளில் எழுதி, அடையாள அட்டைப் பிரதிகள் வைக்கும் கோவையிலேயே வையுங்கள்.

இங்குள்ள கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பும் ஈரமும் சேர்ந்து யு.எஸ்.பி. துளைகளைக் கறள் பிடிக்கச் செய்யும். வன்தட்டு தெரிவதும் மறைவதுமாக இருந்தால், தட்டைக் குறை சொல்வதற்கு முன் வேறு துளையிலும் வேறு கேபிளிலும் முயன்று பாருங்கள்.

வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது.

உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டாம். உள்ளே எழுதி வாசிக்கும் தலை பழுதாகியிருக்கக்கூடும்; ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டின் பரப்பு கீறுப்படலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குக் கொடுங்கள். செலவு அதிகம், பலனுக்கு உத்தரவாதமும் இல்லை. இருந்தாலும் அணைத்து வைத்த தட்டுக்கே மீளும் வாய்ப்பு அதிகம்.

பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக (ஷோர்ட்கட்) மாறிவிட்டன.

அச்சு எடுக்கக் கடை கடையாகப் போன பென்டிரைவ்களுக்கு வரும் நோய் இது. கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை. தீநிரல் (வைரஸ்) அவற்றை மறைத்துவிட்டு அதே பெயரில் பொய்யான குறுக்குவழிகளை வைக்கிறது. அந்தக் குறுக்குவழியைச் சொடுக்கினால் அது உங்கள் புதிய கணினிக்குள்ளும் நுழையும். எதையும் திறக்காமல் முதலில் விண்டோஸ் டிஃபென்டரால் சோதியுங்கள். பிறகு கோப்புறைக் காட்சி அமைப்பில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி செய்தால் உங்களுடையவை தெரியும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்விக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் இருங்கள். குடும்பப் படங்களும் பெண்பிள்ளைகளின் படங்களும் உள்ள மடிக்கணினியைக் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்து இரவு முழுவதும் எங்கும் விட்டுவிட்டு வரக் கூடாது. நல்ல கடைக்காரர் நீங்கள் காத்திருப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் சொந்த வன்தட்டைக் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் கடையின் கணினியில் பிரதி எதுவும் தங்கியிருக்கிறதா என்று கேட்டு, கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் வந்துவிட்டது என்று எப்படி நம்புவது?

பழைய கோப்புறையிலும் புதியதிலும் வலது சொடுக்கி 'புரொப்பர்ட்டீஸ்' பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற அளவும் ஒத்திருக்க வேண்டும். அதன் கீழே உள்ள 'சைஸ் ஒன் டிஸ்க்' தட்டுக்குத் தட்டு மாறும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு வெவ்வேறு வருடங்களிலிருந்து சில படங்களையும், நீளமான ஒரு வீடியோவின் கடைசிப் பகுதியையும், தமிழ்க் கடிதங்கள் சிலவற்றையும் திறந்து பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் கோப்பு திறக்காமல் போவது உண்டு.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது?

உங்கள் வீட்டில் அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது இந்தக் கரையோரம் முழுவதும் வீடுகளோடு அல்பங்களும் போயின. அதற்கு முன்னும் பின்னும் இடம்பெயர்ந்தவர்கள் உடுத்த உடையோடு ஓடியதால், தாய் தகப்பனின் ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு அன்று வழி இருக்கவில்லை. இன்று ஒரு வன்தட்டு கைக்குள் அடங்குகிறது. ஒன்றைக் கடலிலிருந்து தள்ளி இருக்கும் உறவினர் வீட்டில், வவுனியாவிலோ கண்டியிலோ கொடுத்து வையுங்கள். லண்டனிலோ டொரொண்டோவிலோ பிள்ளை இருந்தால் முக்கியமான படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி அங்கே ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது இங்கே அவசியம். வருடத்துக்கு ஒரு முறையாவது செருகி ஓடவிட்டுப் பாருங்கள். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளை மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தால் அவற்றில் உள்ள தரவு மங்கிப்போகக்கூடும்.

பழைய மடிக்கணினியை எப்போது விற்கலாம்?

மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் மறந்துபோன கோப்பு ஏதாவது ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும். விற்கும் முன் கோப்புகளை அழித்துக் குப்பைத் தொட்டியை வெறுமையாக்கினால் மட்டும் போதாது. அவற்றை மீட்டெடுக்க இலவச மென்பொருள்களே இருக்கின்றன. விண்டோஸின் 'ரீசெட்' வசதியில் எல்லாவற்றையும் நீக்கும் தெரிவை எடுத்து, தட்டைச் சுத்தம் செய்யும் கூடுதல் தெரிவையும் இயக்குங்கள். பல மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். கணினியே ஓடாத நிலையில் விற்பதானால் தட்டைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதி புடைத்திருந்தால் அது பற்றரி வீங்கியதன் அடையாளம். மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள், தீப்பிடிக்கும். பாதுகாப்பாகக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பற்றரியை அகற்றிவிட்டு, கணினி ஏற்றுக்கொண்டால் மின்னேற்றியை மட்டும் செருகி ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அகற்றிய பற்றரியை இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.